ஒரு குடியேறியின் கொடிவழியைத் தேடும்போது

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வரலாற்றுச் சான்றுகளை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு சாதாரண ஆளை எடுத்துக்கொள்கிறேன். சாதாரணமாகத் தொடங்கியவர் என்று சொல்வதே சரி. 1839ஆம் ஆண்டு கையில் காசில்லாமல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு தந்தக் கடைசல் தொழிலாளி அவர். பெயர் ஹென்றி பார்க்ஸ்.

பின்னாளில் அவர் நியூ சவுத் வேல்ஸ் காலனியின் பிரீமியர் ஆனார். நம் வழக்கில் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் தந்தை என்று அந்த நாட்டுப் பாடநூல்கள் அவரைச் சொல்கின்றன. 2001இல் வெளியான நினைவு 5 டாலர் தாளில் அவர் படம் இருந்தது. ஆனால் இன்று எனக்கு வேண்டியது அந்தத் தாடிக்காரப் பெரியவர் இல்லை. கப்பலேறிய 23 வயது இளைஞர்தான். அவருடைய குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்தத் தாளைப் பார்த்தால் அது தெரியும், எந்தத் தாளைப் பார்த்தாலும் எது தெரியாது என்பதுதான் நம் வேலை.

கொடிவழி தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே விதி: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, பின்னோக்கிப் போக வேண்டும். மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஒரு பெரிய மூதாதையரை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தம்மிடம் இறங்கி வருவார்கள். அப்படி வந்தால் எல்லோரும் ராஜ வம்சம்தான். எனவே இறப்பிலிருந்து தொடங்குவோம்.

நியூ சவுத் வேல்ஸில் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது 1856 மார்ச் 1ஆம் தேதி. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கிவிட்டார்கள். ஆனால் பிந்தித் தொடங்கிய காலனியின் இறப்புச் சான்றிதழ்தான் தேடுகிறவருக்குப் புதையல். இங்கிலாந்துச் சான்றிதழில் பெயர், வயது, தொழில், இறந்த காரணம் என்று நான்கைந்து செய்திகளோடு முடிந்துவிடும். காலனிச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், காலனிக்கு வந்து எத்தனை ஆண்டு, யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம் கட்டம் கட்டிக் கேட்டார்கள். வந்து குடியேறியவர்கள் நிறைந்த நாடு. செத்தவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அதனால் தாளாவது தெரிந்து வைத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. இறப்புச் சான்றிதழுக்குச் செய்தி சொல்கிறவர் இறந்தவர் அல்ல. மகனோ மருமகனோ சொல்வது. பாட்டியின் பெயரை மருமகன் சரியாகச் சொல்வாரா? நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

பார்க்ஸ் 1896 ஏப்ரல் 27ஆம் தேதி சிட்னியில் இறந்தார். அவரை அடக்கம் செய்த ஊரின் பெயர் ஃபால்கன்பிரிட்ஜ். சிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடரில் இருக்கும் ரயில் நிலைய ஊர். இந்தப் பெயரை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் பார்க்ஸ்தான். அங்கே நிலம் வாங்கி, வீடு கட்டி, வீட்டுக்கு வைத்த பெயர் ஊர்ப் பெயரானது. அது எங்கிருந்து எடுத்த பெயர்? அவருடைய அம்மா மார்த்தாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்.

இந்த இடத்தில் சற்று நிற்கலாம். இங்கிலாந்தில் பெண்ணுக்குத் திருமணம் ஆனதும் குடும்பப் பெயர் மாறிவிடும். அத்தோடு அவளுடைய வேர் தாளிலிருந்து மறைந்துவிடும். கொடிவழி தேடுகிறவர் முட்டி நிற்கும் முதல் சுவர் எப்போதும் ஏதோ ஒரு பெண்தான். அதனால் அனுபவசாலிகள் பிள்ளைகளின் நடுப்பெயரை, வீட்டுப் பெயரை, ஊர்ப் பெயரைக் கவனிப்பார்கள். பார்க்ஸின் மனைவி கிளாரிண்டா, பர்மிங்காமைச் சேர்ந்த வார்னி குடும்பத்துப் பெண். அவர்களுடைய மகன் ஒருவர் கட்டடக் கலைஞராகவும் அரசியல்வாதியாகவும் இருந்தார். அவர் பெயர் வார்னி பார்க்ஸ். அம்மாவின் குடும்பப் பெயர் மகனின் பெயராக உட்கார்ந்திருக்கிறது. சிட்னியின் மேற்குப் பகுதியில் கேன்லி வேல் என்றொரு ஊர் உண்டு. அதுவும் பார்க்ஸ் வைத்த வீட்டுப் பெயரின் தடம்தான். கேன்லி, அவர் பிறந்த ஊர்.

ஆக இங்கிலாந்தின் வார்விக்ஷயர் மாவட்டத்துக்கு வந்துவிட்டோம். ஸ்டோன்லி என்ற ஊரின் எல்லைக்குள் கேன்லி இருந்தது. இன்று கோவென்ட்ரி நகரம் அதை விழுங்கிவிட்டது. பார்க்ஸ் பிறந்தது 1815 மே 27. அப்பா தாமஸ், ஸ்டோன்லி ஆபி என்ற பெரிய பண்ணைக்குச் சொந்தமான நிலத்தில் குத்தகை விவசாயி. பிள்ளைகள் ஏழு. ஹென்றி கடைக்குட்டி.

1815இல் அரசுப் பதிவு கிடையாது. தேவாலயப் பதிவேடுதான். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவு: ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். எலி தின்றது, ஈரம் அரித்தது, பாதிரியார் சோம்பல் பட்டது எல்லாம் போக மிஞ்சியது நிறையவே இருக்கிறது. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகலை ஆயருக்கு அனுப்பவும் வேண்டும். மூலம் போனாலும் நகல் இருக்கும். நாம் படிவங்களை இரண்டு பிரதியாகக் கொடுக்கும்போது அலுத்துக்கொள்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமானது. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், இருப்பிடம், அப்பாவின் தொழில். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயருக்குக் கட்டமே இல்லை. அதற்குப் பெற்றோரின் திருமணப் பதிவைத் தேட வேண்டும். திருமணப் பதிவேட்டில் 1754 முதல் மணமக்கள் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். நம் ஊர்க் கைநாட்டின் ஒன்றுவிட்ட தம்பி அது. ஓர் ஊரில் நூறு திருமணங்களை எடுத்து, எத்தனை மணமகள்கள் குறி போட்டார்கள் என்று எண்ணினால் அந்த ஊரின் பெண் கல்வி தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் உண்மையாகவே அப்படித்தான் எண்ணுகிறார்கள். நல்ல கணக்குப் பாடமும்கூட.

பார்க்ஸ் - கிளாரிண்டா திருமணம் 1836 ஜூலை 11. அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. ஓராண்டுகூடத் தள்ளிப் போகவில்லை, தவறிவிட்டது. 1837க்குப் பிறகு நடந்திருந்தால் மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும் அப்பாவின் தொழிலும் பதிவில் இருந்திருக்கும். அதற்கு முன்பு அந்தக் கட்டம் கிடையாது. வரலாற்றுத் தேதி ஒன்றை மனப்பாடம் செய்வதில் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம். ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் நின்றால் தாத்தா பெயர் கிடைக்கும், அந்தப் பக்கம் நின்றால் கிடைக்காது.

1823இல் ஹென்றிக்கு எட்டு வயது. கடனில் மூழ்கிய தாமஸ் நிலத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் முதலில் வேல்ஸில் உள்ள கிளமார்கனுக்குப் போனது. 1825 வாக்கில் பர்மிங்காம் வந்து சேர்ந்தது. விவசாயியாக இருந்த அப்பா தோட்ட வேலை, கிடைத்த கூலி வேலை என்று பிழைத்தார். ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் நடத்துகிறோம். கிராமத்து மக்கள் நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர் என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். அந்த வரிக்குள் இருக்கிற குடும்பம் இது.

ஹென்றி ஸ்டோன்லி ஊர்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். அவ்வளவுதான் பள்ளிப் படிப்பு. பிறகு கயிறு திரிக்கும் இடத்தில் வேலை. நாளுக்கு 4 பென்ஸ் கூலி. ஆறு நாள் உழைத்தால் 24 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங். பிறகு செங்கல் சூளை, சாலை வேலை. அப்புறம்தான் எலும்பையும் தந்தத்தையும் கடைசல் பிடிக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். மாலையில் தொழிலாளர்களுக்கான மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் படித்தார். சொந்தமாகத் தொழில் வைத்தார், அது ஓடவில்லை. பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்தன. லண்டனுக்குப் போய்ச் சில வாரம் வேலை தேடி, அதுவும் அமையாமல், இலவசக் கப்பல் பயணத்துக்கு மனுப் போட்டார்கள்.

இலவசம் என்றால் முழு இலவசம் இல்லை. காலனி அரசு, அரசு நிலங்களை விற்ற பணத்தில், ஆள் ஏற்றி வரும் கப்பல்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுத்தது. இளம் தம்பதி, விவசாயத் தொழிலாளி, கைத்தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோருக்கு முன்னுரிமை. பணம் கொடுப்பது அரசு என்பதால், வந்து இறங்கிய ஒவ்வொருவரையும் சோதித்து எழுதினார்கள். பெயர், வயது, சொந்த ஊர், பெற்றோர் பெயர், தொழில், மதம், உடல்நிலை, எழுதப் படிக்கத் தெரியுமா என்றெல்லாம். இந்தத் தாள்கள் இன்றும் நியூ சவுத் வேல்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. சொந்தக் காசில் சீட்டு வாங்கி வந்தவரைப் பற்றி அந்தக் காலத்தில் சரியான பதிவு இல்லை. அறையில் வந்த கனவான்களின் பெயர் செய்தித்தாளில் வரும். அடித்தளத்தில் வந்தவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். அரசுப் பணத்தில் வந்த ஏழைக்குப் பெற்றோர் பெயர் வரை தாள் உண்டு. அதைவிட வேடிக்கை கைதிகள். குற்றவாளியாகக் கப்பலேற்றப்பட்டவருக்கு உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கைதிப் பதிவுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு காலத்தில் வம்சத்தில் கைதி இருப்பதை மூடி மறைத்த குடும்பங்கள் இன்று கைதி கிடைத்தால் மகிழ்கின்றன, தாள் அவ்வளவு நிறைய இருக்கிறது என்பதற்காகவும்தான்.

ஸ்ட்ராத்பீல்ட்சே என்ற கப்பல் 1839 ஜூலை 25ஆம் தேதி சிட்னி வந்தது. கரை சேர்வதற்குச் சற்று முன் கடலிலேயே கிளாரிண்டாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கைக்குழந்தையோடு இறங்கியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பென்ரித் அருகே ரீஜன்ட்வில் என்ற பண்ணையில் கூலிக்குப் போனார் பார்க்ஸ். ஆண்டுக்கு 25 பவுன், கூடவே வாராந்திரப் படி.

அந்த நாட்களைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் பர்மிங்காமில் இருந்த அக்கா சாராவுக்கு எழுதிய கடிதங்கள். அவர் இறந்த பிறகு மகள் அவற்றைப் புத்தகமாக்கினார். படியாகக் கிடைத்த மாட்டிறைச்சி சில சமயம் வாயில் வைக்க முடியாது, அரிசி மட்டமானது, கோதுமை மாவில் பாதி அரிசி மாவு, சோப்பு கை கழுவக்கூடப் போதாது என்று கணக்குப் போட்டு எழுதுகிறார். நான்கு மாதம் அவர்களுக்குப் படுக்கை என்பது மரப்பட்டையும் ஒரு பழைய கதவும்தான். அதன் மேல் உடுதுணியை விரித்துப் படுத்தார்கள். பதிவேட்டில் இவையெல்லாம் வராது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் நடுவே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதற்குக் கடிதம்தான் சாட்சி. கிளாரிண்டா என்ன நினைத்தார் என்பதைக் கணவர் எழுதியதன் வழியாகத்தான் இங்கே கேட்கிறோம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பண்ணை நிலம் யாருடையது? தாருக் மக்களுடையது. பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள். ஆங்கிலேய ஆளுநர்கள் அதைத் தம்மவர்களுக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தார்கள். தாருக் குடும்பத்தின் கொடிவழியைத் தேடப் போனால் ஞானஸ்நானப் பதிவேடு இல்லை, கப்பல் பட்டியல் இல்லை. வெள்ளைக்காரர் போர்வை கொடுத்த நாளில் எழுதிய பெயர்ப் பட்டியல் இருக்கும், பெயர்கள் எழுதியவர் காதில் விழுந்தபடி. குடியேறியவரின் கொடிவழியை மட்டும் அழகாக வரைந்து சுவரில் மாட்டினால் நாம் பாதி வரலாறுதான் நடத்துகிறோம். பார்க்ஸைப் புகழும்போதும் அப்படித்தான். அவர் இலவசக் கப்பலில் வந்தவர். அதே மனிதரின் அரசு 1888இல் சீனர்கள் வந்து இறங்கினால் தலைக்கு 100 பவுன் வரி என்று சட்டம் போட்டது. இரண்டையும் ஒரே நாளில் நடத்தினால்தான் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

ரீஜன்ட்வில்லுக்குப் பிறகு மதுபான ஆலை, சுங்கத் துறையில் சிறு உத்தியோகம், தந்தச் சாமான் கடை, 1850இல் 'எம்பயர்' என்ற செய்தித்தாள். 1858இல் அது 50,000 பவுன் கடனோடு படுத்தது. கடன் அப்பாவைத் துரத்தியது போலவே மகனையும் துரத்தியது. ஆனால் திவால் வழக்குக் கோப்புகள் கொடிவழி தேடுகிறவருக்கு மிக நல்லவை. யாருக்கு எவ்வளவு பாக்கி, சொத்து என்ன இருந்தது என்று எல்லாம் இருக்கும். மானம் போன இடத்தில் ஆவணம் பிறக்கிறது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று. 1866இல் காலனியின் பொதுப் பள்ளிகள் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பார்க்ஸ். அதன்படி அமைந்த கல்வி மன்றத்தின் முதல் தலைவரும் அவர். 1880இல் அவருடைய அரசு கொண்டுவந்த பொதுக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியது. கட்டணம் வாரத்துக்கு ஒரு குழந்தைக்கு 3 பென்ஸ். கயிற்றுத் தொழிலில் நாளுக்கு 4 பென்ஸ் வாங்கிய சிறுவன், வாரம் 3 பென்ஸில் எல்லோரும் படிக்கலாம் என்று சட்டம் போட்டான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. நானும் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் அதைக் கேட்ட கையோடு ஒரு கேள்வியும் வைப்பேன்: அதனால்தான் போட்டார் என்பதற்கு எந்தத் தாள் சாட்சி? தொடர்பு நம் மனத்தில் தோன்றுவது வேறு, சான்றில் இருப்பது வேறு.

இன்னொரு பாடம் தலைமுறைக் கணக்கு. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வகுப்பார்கள். கிளாரிண்டா 1888இல் இறந்தபின் பார்க்ஸ் மறுமணம் செய்துகொண்டார். அந்த மணத்தில் 1892இல் பிறந்தவர் கோப்டன் பார்க்ஸ். அப்போது அப்பாவுக்கு வயது 77. கோப்டன் முதல் உலகப்போரில் கல்லிபோலியில் காயம்பட்டு, பின்னர் மாநில அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகி, 1978இல் இறந்தார். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற ஆண்டில் பிறந்தவரின் மகன், என் மூத்த சகோதரர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உயிரோடு இருந்திருக்கிறார்! இரண்டே தலைமுறை, 163 ஆண்டு.

தாள் எல்லாம் தங்கிவிடுவதும் இல்லை. 1879இல் சிட்னியில் கார்டன் பேலஸ் என்ற மாபெரும் கண்காட்சி மாளிகை எழுந்தது. 1882 செப்டம்பர் 22ஆம் தேதி அது எரிந்து சாம்பலானது. உள்ளே இருந்த 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் போயின. பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்கள் பெருந்தொகுப்பாக வைக்கப்பட்டிருந்தன, அவையும் போயின. வந்தவர்களின் கணக்கும் இருந்தவர்களின் பொருளும் ஒரே காலையில் போய்விட்டன. அப்போது பிரீமியர் பார்க்ஸ்தான்.

வகுப்பறைக்கு வருகிறேன். தொடக்க வகுப்பிலேயே குடும்ப மரம் வரைந்து வா என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறோம். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "அம்மா பேரை மட்டும் போட்டுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். போட்டுக்கொள் என்றேன். ஒரு ஊரே ஒருவருடைய அம்மாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று ஃபால்கன்பிரிட்ஜ் கதையைச் சொன்னேன். அவள் அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று நான்கு படி எழுதி வந்தாள். வகுப்பில் வேறு யாரும் நான்கு படி எட்டவில்லை.

அதன்பிறகு என் வழக்கம் இது. முதலில் பிள்ளைகளின் சொந்தக் குடும்பத்தைத் தொடுவதில்லை. பார்க்ஸ் குடும்பத்தின் செய்திகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, குழுவாக அமர்ந்து அடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு சீட்டிலும் இது எந்தத் தாளிலிருந்து வந்திருக்கும், யார் சொல்லி எழுதியது என்று இரண்டு கேள்விகள். யாருக்கும் கூச்சம் இல்லை, யாருடைய சாதியும் வெளியே வருவதில்லை, அப்பா இல்லாத பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. முறை பிடிபட்ட பிறகு விருப்பமுள்ளவர் தம் வீட்டில் தேடலாம். குடும்ப அட்டை, பட்டா, பழைய வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை எதுவும் சான்றுதான்.

நம் கையிலேயே ஒன்று இருக்கிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. சில பள்ளிகளில் அறுபது, எழுபது ஆண்டுப் பதிவேடுகள் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம். மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது, அதில் அந்தரங்கச் செய்திகள் உண்டு. ஆனால் கரையான் வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஓரம் கிழிந்த பக்கங்களைத் தலைமையாசிரியர் அனுமதியோடு ஒளிநகல் எடுத்து வைக்கலாம். இந்தக் கோடை விடுமுறைக்கு முன் உங்கள் பள்ளியின் மிகப் பழைய பதிவேடு எந்த ஆண்டுடையது என்று பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் பட்டியல் எடுப்போம்.